ரதி வேஷக்காரருக்கு வந்த வேலை: ஒரு நிகழ்வு ஆய்வு

"என் பேரும் வேணாம், தோட்டத்துப் பேரும் வேணாம். ரதின்னே எழுதுங்க சேர்" என்று சொல்லிவிட்டார். அதனால் இங்கே அவர் ரதி அண்ணன். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். வயது 41. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். பத்தொன்பது வயதிலிருந்து, மாசி பிறந்தால் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுகிறார். நான் பக்கத்துப் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவன். அவருடைய கூத்தைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். அவருக்கு நேர்ந்த ஒரு தோல்வியில் எனக்கும் பங்குண்டு. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

2025 மாசியிலிருந்து 2026 மாசி வரைக்குமான ஒரு வருடத்தை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன்பு இல்லாத அளவுக்கு அந்த வருடம் அவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். எங்கள் பக்கத்து விழாக்களில் மைக்கைப் பிடிக்கிற எல்லாரும் "நம்ம பிள்ளைகளுக்குத் திறமை இருக்கு, மேடைதான் இல்லை" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ரதி அண்ணனுக்கு மேடை கிடைத்தது. அங்கேதான் அவர் விழுந்தார். அவருக்குச் சரியாகப் பொருந்திய வேலையோ, ஒரு மேசையும் இரண்டு கதிரையும் மட்டும் கிடந்த ஓர் அறையிலிருந்து வந்தது.

காமன் பொட்டலில்

அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், காமன் கூத்து என்று மலையகத்தில் மூன்று பெரிய கூத்துகள். தோட்ட வேலைக்குத் தமிழகத்திலிருந்து வந்த சனங்களோடு கடல் தாண்டி வந்தவை. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று பொட்டலில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அதிலிருந்து பௌர்ணமி வரை இரவுக்கு இரவு தப்புப் பறையும் பாட்டும்தான். கடைசி இரவில் இந்திரன் ஏவலில் மதன் போய்ச் சிவன் தவத்தைக் கலைப்பான். நெற்றிக்கண் திறக்கும், மதன் எரிவான், ரதி புலம்புவாள். ரதியை ஆண்தான் ஆடுவது வழக்கம்.

2025இல் பெப்ரவரி 27 அமாவாசை, மார்ச் 13 போயா, அதாவது பௌர்ணமி. இடைப்பட்ட நாளெல்லாம் ரதி அண்ணன் விரதம். மச்சம் கிடையாது, வெளிச் சாப்பாடு கிடையாது, படுக்கத் தனிப்பாய். விரதம் என்று தோட்டம் லீவு கொடுக்குமா? காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்க் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கத்தான் வேண்டும். பகல் இரண்டு மணிக்கு மலையிலிருந்து இறங்கி, பீலியில் குளித்து, கொஞ்சம் கண்ணயர்ந்து, இருட்டியதும் பொட்டலுக்கு.

கடைசி நாள் பின்னேரம் அவர் வேஷம் கட்டுவதை இஸ்தோப்பில், அதாவது வீட்டு வாசல் திண்ணையில், உட்கார்ந்து பார்த்தேன். மீசையை மழித்ததுமே முகத்துக்குப் பத்து வயது குறைந்துவிடுகிறது. முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்து நெற்றியிலிருந்து கீழே இழுக்கிறார். காதோரத்தில் மட்டும் விரல் இரண்டு தரம் போகிறது. கத்தி பிடித்துக் காய்த்த உள்ளங்கையில் மருதாணி பிடிக்காது என்று செந்தூரத்தால் வட்டம் போட்டுக்கொள்கிறார். சேலை அண்ணியுடையது. கட்டிவிடுவதும் அண்ணிதான். "கொசுவம் நிக்குமா பாரு" என்றார் இவர். "இருவது வருசமா நிக்குது, இன்னைக்கா விழப்போவுது" என்றார் அண்ணி, வாயில் ஊசியை வைத்துக்கொண்டே.

நடுச்சாமம் தாண்டித்தான் எரிவு. ரதியின் புலம்பல் அரை மணி நேரத்துக்கு மேல் போகும். சாம்பலில் மூன்று தரம் விழுகிறார். மூன்றாம் தரம் விழுந்ததும் தப்பு நின்றுவிடும். அந்த அமைதியில் முன்னால் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் மூக்கை உறிஞ்சுவது கேட்கும். 2024இலும் 2025இலும் நான் போனில் எடுத்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். மூச்சு வாங்கும் இடம், கை ஊன்றும் இடம், குரல் உடையும் சொல் எல்லாம் அச்சு மாறாமல் அப்படியே. எப்படி அழுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அழுவுறது இல்ல சேர். அழுதா பாட்டு போயிரும். மூணாவது அடியில தொண்டைய இறுக்கணும், தப்பு நிக்கணும். அழுவுறது சனம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெரட்டில் பாதி ஆள்கூட இல்லை. ரதி அண்ணன் இருந்தார், காதோரத்தில் வெள்ளை போகாமல்.

நகரத்து மண்டபத்தில்

அதே வருடம் ஜூன் மாதம், இளைஞர்களை வைத்து நான் ஒரு நாடகம் போட்டேன். போட்டிக்கு. பழைய கங்காணி வேஷத்துக்கு ரதி அண்ணனைக் கேட்டேன், சம்மதித்தார். ஒத்திகை முழுக்க வகுப்பறையில். அங்கேயே கோளாறு தெரிந்தது. காமன் பொட்டலில் சனம் நாலா பக்கமும் இருக்கும், ஆடுகிறவன் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மண்டபத்து மேடைக்கு ஒரு பக்கம்தான் சனம். இவர் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு சுற்றுச் சுற்றி, முக்கியமான வசனத்தைப் பின்சுவருக்குச் சொன்னார். குரலோ தப்போடு மோதிப் பழகிய குரல். சட்டையில் மைக்கைக் குத்தியதும் மண்டபம் அதிர்ந்தது.

நான் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னேன்: "இயல்பா செய்யுங்க அண்ணே."

ஒரு நாள் நின்று கேட்டார். "இயல்புன்னா எது சேர்? நான் மலையில நிக்கிற மாதிரியா, வீட்டுல நிக்கிற மாதிரியா, தொரைக்கு முன்னால நிக்கிற மாதிரியா?"

எனக்குப் பதில் வரவில்லை. இப்போது யோசித்தால், அந்த நாடகம் முழுவதற்குமான ஒரே நல்ல கேள்வி அதுதான். நடுவர்கள் "மிகை நடிப்பு" என்று எழுதினார்கள். தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பக்கமும் பார்த்து ஆடுகிறவனை ஒரு பக்கச் சட்டத்துக்குள் நிறுத்த வேண்டுமானால், எந்த அடி எங்கே, எந்தச் சொல்லில் திரும்புவது, எதில் நிறுத்துவது என்று அவனுடைய பாஷையில் கணக்காகச் சொல்ல வேண்டும். "இயல்பா" என்பது படித்தவர்களின் சோம்பேறிச் சொல். நான் சோம்பேறியாக இருந்தேன்.

வந்த அழைப்புகள்

முதலில் ஒரு சிங்களத் தொலைநாடகம். தோட்டத்தில் படப்பிடிப்பு, இரண்டு நாள் வேலை. கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்து, "ஹரி மஹத்தயா" (சரிங்க ஐயா) என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு வரச் சொன்னவர்கள் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். இரண்டு நாளுக்குப் பேசிய காசில் ஒரு நாளுக்கு உரியது மட்டும், அதுவும் பல வாரம் கழித்து வந்தது. "சாக்கு தூக்க நடிகன் எதுக்கு சேர்? அங்கனயே நெசமா தூக்குறவன் இருவது பேரு நின்னான்" என்றார். திரையில் எங்கள் ஆட்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சாக்குதான்.

அடுத்தது ஒரு ஹோட்டல். பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். இராச் சாப்பாட்டு நேரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மன்மதன் எரிவதை மட்டும் கால் மணி நேரத்தில் செய்து காட்ட முடியுமா என்று கேட்டார்கள். காசு நல்ல காசு. கூத்து மாஸ்டரிடம் போய் நின்றோம். எழுபது வயது தாண்டியவர். வெற்றிலையை மென்று துப்பிவிட்டுச் சொன்னார்: "மாசி இல்லாத மாசத்துல மதன எரிச்சுப்புட்டா, எழுப்புறது யாரு? அந்த ஹோட்டல்காரனா?" கோலாட்டமும் கும்மியும் வேண்டுமானால் செய்யலாம் என்று முடிந்தது. சில சனிக்கிழமைகள் போனார்கள். ரதி அண்ணனின் அப்பா அந்தப் பங்களாவுக்குப் பின்கதவால்தான் விறகு கொண்டு போயிருக்கிறார் என்பதை அவர் ஒரு தரம் சொன்னார், சாதாரணமாகத்தான் சொன்னார்.

எங்கள் பாடசாலைக்கும் ஒரு நாள் வளவாளராக அழைத்தேன். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குத் தப்பு அடியின் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். அதைப் பற்றி வேறு கட்டுரைதான் எழுத வேண்டும்.

எட்டு நிமிட நோயாளி

அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பிள்ளை ஒன்று மருத்துவ பீடத்தில் படிக்கிறது. மாசிக்கு வீட்டுக்கு வந்தபோது ரதி புலம்பலைப் போனில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஜூலை மாதம் அவளிடமிருந்து அழைப்பு. "மாமா, எங்க மெடம் ஒங்கள பாக்கணும்னு சொல்றாங்க. நோயாளியா நடிக்க ஆள் தேடுறாங்க."

நோயாளியாக நடிப்பது என்பது மருத்துவக் கல்வியில் புதிதல்ல. 1963இல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பரோஸ் என்ற நரம்பியல் வைத்தியர் தொடங்கியது. உண்மையான நோயாளியை வைத்து மாணவர்களைச் சோதித்தால், பத்தாவது மாணவர் வருவதற்குள் நோயாளி களைத்துவிடுவார், சலித்துவிடுவார், கதையை மாற்றிவிடுவார். அதனால் நோயில்லாத ஒருவருக்கு நோயின் கதையைப் பழக்கி உட்கார வைத்தார். அப்போது பலர் இதைக் கூத்து என்று கேலி செய்தார்களாம்! 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன், மாணவர்கள் மேசைக்கு மேசை நகர்ந்து, குறித்த நிமிடத்துக்குள் ஒவ்வொன்றையும் செய்து காட்டும் பரீட்சை முறையைக் கொண்டு வந்தார். இன்று உலகெங்கும் அந்த முறை இருக்கிறது. நோயாளி வேஷக்காரர்களுக்கு அதில்தான் அதிகம் வேலை.

இரண்டு பஸ் மாறிப் போனார். முதல் நாள் நானும் கூடப் போனேன், பயத்தில். நகர மண்டபத்தில் நடந்தது இங்கேயும் நடந்துவிடுமோ என்று.

நடந்தது. கொடுத்த கதை இது: 52 வயதுத் தோட்டத் தொழிலாளி, இரண்டு கிழமையாக நெஞ்சு எரிகிறது, மலை ஏறினால் கூடுகிறது. முந்தின வருடம் அண்ணன் திடீரென்று செத்தார். தனக்கும் அப்படித்தானோ என்ற பயம் உள்ளே இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. முதல் மாணவன் "எங்கே நோகிறது" என்று கேட்டான். ரதி அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்த வேகத்தில் பையன் பதறி எழுந்து ஆட்களைக் கூப்பிட்டுவிட்டான்.

பயிற்றுவித்த வைத்தியர் சிரித்தார். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குப் பாடம். இயல்பாகச் செய் என்று அவர் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. "நெஞ்சில் கை வைக்காதீர்கள். இடது கையால் மேசை விளிம்பைப் பிடியுங்கள். கேட்டால்தான் சொல்லுங்கள். கேட்ட அளவுக்கு மேல் ஒரு சொல் சொல்லாதீர்கள். அண்ணன் செத்ததை, வீட்டாரைப் பற்றிக் கேட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிற மாணவருக்கு மட்டும் சொல்லுங்கள்."

வெளியே வந்ததும் ரதி அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "இது நம்ம மாஸ்டர் சொல்றதுதானே சேர்! தப்பு அடி விழாம ரதி வாயத் தொறக்கக் கூடாது. இங்க அந்தப் பிள்ளைங்க கேக்குறதுதான் தப்பு அடி."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஆளைப் பதற வைத்தவர், அடுத்த சுற்றில் அசையாமல் உட்கார்ந்தார். காலையிலிருந்து மத்தியானம் வரை பன்னிரண்டு மாணவர்கள், ஆளுக்கு எட்டு நிமிடம். பன்னிரண்டாவது மாணவிக்கு அவர் மேசை விளிம்பைப் பிடித்த விதமும் முதல் மாணவனுக்குப் பிடித்த விதமும் ஒன்று. மற்ற வேஷக்காரர்கள் ஏழு, எட்டாவது ஆளில் கதையைச் சுருக்கத் தொடங்கிவிடுவார்களாம். இவர் சாம்பலில் இருபது வருடத்துக்கு மேலாக ஒரே இடத்தில் விழுந்தவர். போட்டி நடுவர்கள் தேடியது புதுமை, அது அவரிடம் குறைவு. இங்கே தேடியது மாறாமை. அது அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. கதைத் தாளில் "எனக்கு நெஞ்சில் எரிச்சலாக உள்ளது" என்று எழுதியிருந்தார்கள். அப்படி எங்கள் ஆட்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். இவர் மாணவர்களிடம் "நெஞ்சு கரிக்குதுங்க, கையி காலு ஓஞ்சு வருது" என்றார். சிங்கள மாணவர்கள் மட்டுமல்ல, வேறு பகுதித் தமிழ் மாணவர்களும் முழித்தார்கள். ஒருவன் "கரிக்குது" என்றால் உப்புக் கரிப்பா என்று கேட்டான். வைத்தியர் தாளை எடுத்து அடித்துவிட்டு, இவர் சொன்னதையே எழுதினார். வார்டில் வந்து படுக்கிறவர் இப்படித்தான் பேசுவார், அது புரியாவிட்டால் திருப்பிக் கேட்கத் தெரிய வேண்டும், அதையும் பரீட்சையில் சேர்ப்போம் என்றார். அன்றிலிருந்து புதுக் கதை எழுதும்போதெல்லாம் இவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள்.

மிகக் கஷ்டமான பகுதி கடைசியில் இருந்தது. பயிற்சி நாட்களில், வேஷம் கலைந்ததும் நோயாளியாக இருந்தவர் மாணவரிடம் தனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். முதல் நாள் ரதி அண்ணன் எழுந்து நின்றுகொண்டார். "நல்லா கேட்டீங்க தொரை" என்றார். எல்லாருக்கும் அதே. வைத்தியர் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. இரண்டாவது நாள் உட்கார்ந்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை போனபோது ஒரு மாணவனிடம், கையைத் தொடையில் துடைத்துக்கொண்டே, "தம்பி, நீங்க எழுதிக்கிட்டே கேட்டீங்க. என் மூஞ்சிய ஒரு வாட்டியும் பாக்கல. அதான் அண்ணன் செத்தத சொல்லல" என்றார். பையன் பேனாவை மூடி வைத்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் வரிசையில் நின்று, பேரைச் சொல்லி முடிப்பதற்குள் துண்டு வாங்கிக்கொண்டு வருகிற ஒருவர், வைத்தியராகப் போகிறவனுக்கு இதைச் சொல்கிறார். இருபத்திரண்டு வருட ரதியில் நான் பார்க்காத முகம் அது.

கணக்கு

இதை வாழ்க்கை மாறிய கதையாக்க எனக்கு விருப்பமில்லை. ஜூலையிலிருந்து நவம்பர் வரை அவர் போனது ஒன்பது நாள். தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகி, 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. ஒரு நாள் சம்பளத்தைத் தோட்டத்தில் ஒரு 'பேர்' என்பார்கள். நோயாளியாகப் போகும் நாளுக்கு இரண்டு பேருக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கிறது. பஸ் காசு, சாப்பாட்டுக் காசு போனால் ஒன்றரைப் பேர். போகிற நாளில் தோட்டத்துப் பேர் இல்லை. ஆக மிச்சம் அரைப்பேர். கூத்தில் மிச்சமே இல்லை. மாசியில் உடம்பு முடியாமல் சில நாள் அரைப்பேரோடு திரும்பியிருக்கிறார். ரதிக்குக் கிடைப்பது ஒரு சேலையும் தட்டில் விழுந்த சில்லறையும். சேலை அண்ணிக்கு.

கவ்வாத்தை விட்டுவிடலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன், வீட்டில் சம்பளப் பேச்சு வந்தபோது. அண்ணிதான் பதில் சொன்னார். "ஈபிஎஃப் யாரு போடுவா? தோட்டத்துல பேரு இல்லாட்டி, இந்த லயத்துக் காம்பிராவ யாரு நமக்குன்னு சொல்லுவா?"

மாசி 2026

நவம்பர் கடைசியில் டித்வா புயல். மண்சரிவில் பாதைகள் போயின, ரயில் பாதை போனது. டிசம்பரில் இருந்த பரீட்சை தள்ளிப் போய், பெப்ரவரி கடைசிக் கிழமையில் வந்து விழுந்தது. 2026இல் மாசி அமாவாசை பெப்ரவரி 17. அதாவது கம்பம் ஊன்றிய பிறகு பரீட்சை.

விரத காலத்தில் வேறு வேஷம் கட்டக் கூடாது. ஆனால் வேலைக்குப் போகலாம், கவ்வாத்துக்குப் போகிறாரே. மாஸ்டர் கேள்வியை இப்படி வைத்தார்: "நீ அங்க போயி செய்யுறது வேலையா, வேஷமா? வேலைன்னா போ. வேஷம்னா போகாத. எனக்குத் தெரியாது, ஒனக்குத்தான் தெரியும்."

நான் வேலை என்றேன். காசு வாங்குகிறோம், நேரம் குறித்துப் போகிறோம், முகத்தில் அரிதாரம் இல்லை. அண்ணியும் வேலை என்றார். ரதி அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கத்தி தீட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "வேஷந்தான் சேர். அந்தாளு அண்ணன் செத்தத நெனச்சு மேசையப் புடிக்கிறப்ப நான் நானா இல்ல."

அதனால் தப்பு அடிக்கும் தம்பியை அனுப்புவது என்று முடிவாயிற்று. அவனுக்கு வேஷம் இல்லை, அடி மட்டும்தான். எப்போது நிறுத்த வேண்டும் என்பது யாரையும்விட அவனுக்குத் தெரியும். நாலு இரவு, பொட்டலில் பாட்டு முடிந்த பிறகு, ரதி அண்ணன் இஸ்தோப்பில் உட்கார்ந்து மாணவராகக் கேட்க, அவன் நோயாளியாகப் பதில் சொல்லிப் பழகினான். கதையில் அவனுக்கு வயது கூட வேண்டும் என்பதால் மூன்று நாள் தாடியை மழிக்க விடவில்லை.

பரீட்சை அன்று பின்னேரம் போன் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். ரதி அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, பன்னெண்டு பேரு வந்தாங்க. நாலு பேருதான் அண்ணன் செத்தது வரைக்கும் வந்தாங்க."

"மத்த எட்டுப் பேருக்கும் நீயா சொல்லிப்புடலயே?"

"சொல்லலண்ணே. ஒரு புள்ள அழுவுற மாதிரி நின்னுச்சு, அப்பவும் சொல்லல."

"சரி. இருட்டுறதுக்குள்ள வந்து சேரு. இன்னைக்கு மதன் கல்யாணப் பாட்டு."